முறுமுறுப்பும் முறையீடும்

போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து என்பது தமிழர் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. இரும்பைப் பொன்னாக்கும் மருந்தைத் தேடிக் காடும் மலையும் அலைந்தவர் பலர். அம்மருந்து மனத்துக்குள்ளேயே இருக்கிறது என்று கண்டு சொன்னவர், பெயர் தெரியாத ஒரு பெரியவர். இப்பழமொழியைக் கையெழுத்துப் பயிற்சி ஏட்டில் எழுதாத தமிழ் மாணவர் அரியர். ஆயினும் எழுதியவர் யாவரும் அதன் பொருளைச் சரியாக உணர்ந்தனரா என்பது வேறு கேள்வி.

கிள்ளானில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம் இருப்பதாக எண்ணிக்கொள்வோம். மாலை வேளை, குடும்ப செபத்துக்கு எல்லாரும் பாயில் அமர்கின்றனர். பத்து வயது மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "எல்லாரிடமும் புதுக் கைப்பேசி இருக்கிறது, எனக்கு மட்டும் பழையது" என்கிறாள். "முறுமுறுக்காதே அம்மா, ஆண்டவர் கொடுத்ததற்கு நன்றி சொல்" என்கிறாள் தாய். சற்று நேரம் கழித்து மகள் மெல்லிய குரலில், "பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் வருவதில்லை அம்மா, வீட்டுக்கு வரும் வரை அடக்கிக்கொண்டே இருக்கிறேன்" என்கிறாள். அதற்கும் தாயின் மறுமொழி அதுவே: "முறுமுறுக்காதே, நன்றி சொல்."

முதல் மறுமொழி நல்ல மருந்து. இரண்டாவதும் அதே மருந்துதான். ஆனால் நோய் வேறு. வேறு நோய்க்குக் கொடுத்த மருந்து நஞ்சாவதும் உண்டு. மனநிறைவைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க விரும்பும் பெற்றோர் எதைப் பொறுக்கச் சொல்ல வேண்டும், எதைப் பேசச் சொல்ல வேண்டும் என்பதே இக்கட்டுரை ஆராயும் பொருள். வினா கிறிஸ்தவ வீட்டில் எழுந்தாலும், விடை எல்லா வீட்டுக்கும் உரியது.

சொற்கள் சொல்லும் செய்தி

தமிழ்மொழி இவ்விரு நோய்களுக்கும் இரு பெயர்களை வைத்திருக்கிறது. ஒன்று முறுமுறுப்பு, மற்றொன்று முறையீடு. எழுத்தளவில் இவை உடன்பிறந்தவை போலத் தோன்றும். பிறப்பால் இவற்றுக்கு உறவில்லை.

முறுமுறுத்தல் என்பது ஒலிக்குறிப்பிலிருந்து பிறந்த சொல். முணுமுணுத்தலும் அத்தகையதே. வாய் முழுதும் திறவாமல், சொல் தெளிவுறாமல், கேட்க வேண்டியவர் காதில் விழாமல் எழும் ஓசைக்கு இப்பெயர். கிரேக்க மொழியிலுள்ள புதிய ஏற்பாட்டில் இதற்கு வழங்கும் சொல்லும் ஒலிக்குறிப்பாகவே அமைந்திருக்கிறது. மாந்தர் எந்நாட்டவராயினும், மனக்குறை இரகசியமாக வெளிப்படும்போது ஒரே வகையான ஓசையை எழுப்புகின்றனர் போலும்.

முறையீடு என்பதோ முறை என்னும் சொல்லடியாகப் பிறந்தது. முறை என்பதற்கு ஒழுங்கு என்றும் நீதி என்றும் பொருள் உண்டு. நீதி வழங்குதலை முறைசெய்தல் என்றே பண்டையோர் கூறினர். ஆகவே முறையிடுதல் என்பது, பிறழ்ந்துபோன ஒழுங்கைச் சரிசெய்யுமாறு அதற்கு உரியவர்முன் சென்று சொல்லுதல். மனுநீதிச் சோழன் கதையில் கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அடித்தது முறையீடு. வாயில்லாச் சீவனும் முறையிடும் வண்ணம் கட்டப்பட்டது அம்மணி என்பதே அக்கதையின் பெருமை.

கண்ணகியை நோக்குவோம். புகார் நகரில் கணவன் பிரிந்த காலத்தில் அவள் அழுது புலம்பி ஊரைக் கூட்டவில்லை. தன் துயரைத் தன்னுள் தாங்கினாள். மதுரையில் பழி சுமத்தப்பட்டுக் கணவன் கொலையுண்டபோது, அதே பெண் ஒற்றைச் சிலம்புடன் பாண்டியன் அவைக்குச் சென்று வழக்குரைத்தாள். தன் துயரைப் பொறுத்தவள் அநீதியைப் பொறுக்கவில்லை. அமைதி வேறு, ஊமைத்தனம் வேறு என்பதை இளங்கோவடிகள் ஒரே பாத்திரத்தில் வைத்துக் காட்டினார்.

வள்ளுவரும் இவ்வாறே செய்தார். இடுக்கணழியாமை என்னும் அறுபத்து மூன்றாம் அதிகாரத்தில், தனக்கு வந்த துன்பத்தைக் கண்டு நகைக்கக் கற்பித்தவர் அவர். கொடுங்கோன்மை என்னும் ஐம்பத்தாறாம் அதிகாரத்திலோ, துன்பம் பொறாது குடிகள் வடிக்கும் கண்ணீர் ஆள்வோன் செல்வத்தைத் தேய்க்கும் படையாகும் என்று எச்சரித்தார். நகைக்கச் சொன்னது துன்பப்படுபவனிடம். எச்சரித்தது துன்பம் செய்பவனிடம். இவ்விரு அறிவுரைகளையும் இடம் மாற்றிச் சொன்னால் அறம் கெட்டுவிடும். அழுகிறவனை நோக்கி 'நகைத்துக்கொள்' என்று அடித்தவனே சொன்னால், அது குறள் ஆகாது.

பிலிப்பி நகரத்து இரவும் காலையும்

மனநிறைவைப் பற்றிக் கிறிஸ்தவ இல்லங்களில் மிகுதியாக எடுத்துரைக்கப்படும் பகுதி, பவுல் அப்போஸ்தலர் பிலிப்பி நகரத்துச் சபைக்கு எழுதிய நிருபம். சிறையிலிருந்து எழுதிய கடிதம் அது. தாழ்விலும் வாழ்விலும், பசியிலும் நிறைவிலும் அமைந்திருக்கத் தாம் கற்றுக்கொண்டதாக அதில் அவர் குறிப்பிடுகிறார். அந்நிலைக்குத் தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பு மனரம்மியம் என்னும் அழகிய சொல்லை வழங்குகிறது. தீமோத்தேயுவுக்கு எழுதிய முதலாம் நிருபத்தில் அதே வேரிலிருந்து வந்த கிரேக்கச் சொல் வருமிடத்தில், மொழிபெயர்த்தவர்கள் நம் பழமொழியை நினைவூட்டும் வகையில் 'போதுமென்கிற மனம்' என்று அமைத்தனர். வேற்று நாட்டுக் கருத்து ஒன்று தமிழ் வீட்டுக்குள் நுழைந்தபோது, ஏற்கெனவே அங்கிருந்த பாயில் அமர்ந்தது எனலாம்.

அக்கிரேக்கச் சொல் தன்னிறைவு என்னும் பொருளது. ஸ்தோயிக்கர் எனப்பட்ட தத்துவ ஞானியர் அதனைப் பெரிதும் போற்றினர். பிறரையோ பொருளையோ சாராமல் தன் காலில் தான் நிற்பதே அவர்கள் கண்ட நிறைவு. பவுல் அச்சொல்லை எடுத்துக்கொண்டு அதன் அடித்தளத்தை மாற்றினார். தம் பலத்தால் அன்று, தம்மைப் பலப்படுத்தும் கிறிஸ்துவினாலேயே இது இயலும் என்றார். தாம் சிறைப்பட்ட காலத்தில் பிலிப்பியர் அனுப்பிய உதவிக்கு நன்றி கூறும் இடத்திலேயே இதைச் சொல்கிறார் என்பதையும் மறத்தல் ஆகாது. பிறர் உதவியை ஏற்க நாணாத நிறைவு அவருடையது.

இங்குப் பெற்றோர் கூர்ந்து நோக்க வேண்டிய சொல் 'கற்றுக்கொண்டேன்' என்பது. மனநிறைவு பிறவிக் குணமன்று, கல்வி. அதற்குப் பாடமும் பயிற்சியும் காலமும் வேண்டும். ஒரு நாள் மாலையில் "முறுமுறுக்காதே" என்று அதட்டுவதால் வந்துவிடுவதன்று. பெருக்கல் வாய்பாட்டைக் கற்கப் பல மாதம் எடுக்கும் பிள்ளையிடம், ஓர் அப்போஸ்தலர் வாழ்நாள் முழுதும் கற்ற பாடத்தை ஒரே நாளில் ஒப்பிக்கச் சொல்லுதல் முறையாகாது.

இக்கடிதம் எந்த ஊருக்கு எழுதப்பட்டது என்பதிலும் பொருள் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் அதே பிலிப்பி நகரில் பவுலும் சீலாவும் விசாரணையின்றிப் பலர்முன் அடிக்கப்பட்டுச் சிறையில் அடைபட்டனர். கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்டிருந்தன. நள்ளிரவில் அவர்கள் செபித்துப் பாடினர்; மற்றக் கைதிகள் கேட்டுக்கொண்டிருந்தனர் என்று அப்போஸ்தலர் நடபடிகளின் பதினாறாம் அதிகாரம் கூறுகிறது. இவ்வளவும் ஞாயிறு பள்ளியில் படித்த எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். மறுநாள் காலையில் நடந்தது பலருக்கு நினைவிருப்பதில்லை.

பொழுது விடிந்ததும் நகர அதிகாரிகள் சேவகரை அனுப்பி, அவர்களைச் சத்தமின்றி விட்டுவிடும்படி சொன்னார்கள். பவுல் போக மறுத்தார். ரோமக் குடியுரிமை உடைய எங்களை விசாரியாமல் வெளியரங்கமாக அடித்துவிட்டு, இரகசியமாக அனுப்புவதா? அதிகாரிகள் தாங்களே வந்து எங்களை வெளியே அழைத்துப் போகட்டும் என்றார். அவர்களும் அஞ்சி வந்து, வேண்டிக்கொண்டு, அழைத்துச் சென்றனர்.

இரவில் பாடிய அதே வாய்தான் காலையில் உரிமை கேட்டது. பாடியவர் கேட்கமாட்டார் என்றும், கேட்டவருக்குப் பாட வராது என்றும் நாம் எண்ணிக்கொள்கிறோம். பிலிப்பி நகரத்தார் அவ்வாறு எண்ண வழியில்லை; அவர்கள் இரண்டையும் கண்டவர்கள். முறுமுறுப்பு வேண்டாம் என்று பவுல் பின்னாளில் எழுதியபோது, 'வாய் திறவாதே' என்பது அதன் பொருளன்று என அவர்களுக்கு விளக்க வேண்டிய தேவை இருந்திராது.

வனாந்தரத்தில் எழுந்த இரு குரல்கள்

முறுமுறுப்புக்கு உதாரணமாக எடுத்துக்காட்டப்படுவோர் எகிப்திலிருந்து விடுதலை பெற்று வனாந்தரத்தில் நடந்த இஸ்ரவேலர். எண்ணாகமம் பதினோராம் அதிகாரத்தில் அவர்கள் எகிப்தில் உண்ட மீனையும் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் பூண்டையும் நினைத்து அழுகின்றனர். அடிமை வாழ்வில் பட்ட அடி மறந்துவிட்டது. பூண்டின் மணம் மட்டும் நினைவில் நின்றது. முறுமுறுப்பின் முதல் இயல்பு இதுவே: அது கடந்த காலத்தின் இனிப்பை மட்டும் பொறுக்கி எடுத்து, நிகழ்காலத்தின் கசப்போடு ஒப்பிடும். அவரவர் தம் கூடார வாசலிலேயே நின்று அழுதனர். யாரிடம் சொன்னால் தீருமோ அவரிடம் சென்று கேட்டாரில்லை.

அதே அதிகாரத்தில் மோசேயும் மனம் நொந்து பேசுகிறார். இச்சனங்கள் அனைவரையும் நானா கருத்தரித்தேன்? பால் குடிக்கும் குழந்தையைத் தாதி சுமப்பது போல இவர்களை நான் ஒருவனே சுமக்க வேண்டுமா? என்னால் இயலாது என்று கடவுளிடமே முறையிடுகிறார். பெற்றோர் எவருக்கும் இந்த உவமை நெஞ்சைத் தொடும். அவருக்குக் கிடைத்தது தண்டனை அன்று. பாரத்தைப் பகிர்ந்துகொள்ள எழுபது மூப்பர்கள். முறுமுறுத்த மக்கள்மேல் கோபமும், முறையிட்ட தலைவனுக்கு உதவியும் ஒரே அதிகாரத்தில் அடுத்தடுத்து வருவது தற்செயல் ஆகாது.

அந்நூலின் இருபத்தேழாம் அதிகாரத்தில் மற்றொரு நிகழ்ச்சி உண்டு. செலோப்பியாத் என்பவருக்கு ஆண்மக்கள் இல்லை, ஐந்து பெண்மக்கள். ஆண்வாரிசு இல்லாமையால் தந்தையின் பெயரும் நிலமும் அற்றுப்போகும் நிலை. ஐவரும் மோசேக்கும் ஆசாரியனுக்கும் பிரபுக்களுக்கும் சபை அனைத்துக்கும் முன்பாக வந்து நின்று, தங்களுக்கும் காணியாட்சியில் பங்கு வேண்டும் எனக் கேட்டனர். அவர்கள் கேட்பது நியாயமே என்று இறைவன் தீர்ப்பளித்ததாகவும், அதுமுதல் பெண்களின் உரிமைக்குச் சட்டம் வகுக்கப்பட்டதாகவும் நூல் கூறுகிறது. ஐவருடைய பெயர்களும் ஒன்றுவிடாமல் எழுதி வைக்கப்பட்டுள்ளன.

புதிய ஏற்பாட்டிலும் இதற்கு இணை உண்டு. எருசலேம் சபையில் அன்றாடப் பங்கீட்டில் தங்கள் விதவைகள் விடப்படுகிறார்கள் என்று கிரேக்க மொழி பேசிய யூதர்கள் குறைபட்டுக்கொண்டனர். அங்கு வழங்கும் சொல் முறுமுறுப்பு என்பதே. அப்போஸ்தலர் 'முறுமுறுக்காதீர்கள்' என்று அவர்களை அதட்டவில்லை. குறையை விசாரிக்க ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் செய்தனர். அந்த எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களே. குறைப்பட்டவர்களின் கூட்டத்திலிருந்தே குறை தீர்ப்பவர்கள் வந்தனர். முறுமுறுப்புக்குள் ஒரு முறையீடு ஒளிந்திருப்பதும் உண்டு. அதைப் பிரித்தெடுத்துக் கேட்கும் காது பெரியோருக்கு வேண்டும்.

சிறையில் ஒரு தந்தை, மன்றத்தில் ஒரு தாய்

முறையிட்டும் பயன் கிடைக்காவிடில் என் செய்வது? இவ்விடத்தில்தான் மனநிறைவின் உண்மையான உரம் தெரியும். அதற்கு ஒரு குடும்பத்தின் வரலாறு சான்றாகும்.

தமிழாசிரியர்கள் எச். ஏ. கிருஷ்ண பிள்ளையை அறிவர். 1827-இல் திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858-இல் கிறிஸ்தவராகி, தமிழாசிரியராகப் பணிபுரிந்து, 1894-இல் இரட்சணிய யாத்திரிகம் என்னும் காப்பியத்தை வெளியிட்டவர் அவர். அக்காப்பியத்துக்கு மூலமாக அமைந்தது ஜான் பனியன் என்னும் ஆங்கிலேயர் 1678-இல் வெளியிட்ட மோட்சப் பயண நூல். அதை எழுதிய பனியன் பாத்திரங்களைப் பழுதுபார்க்கும் தொழிலாளி. நான்கு பிள்ளைகளின் தந்தை. மூத்த மகளுக்குப் பிறவியிலேயே கண் தெரியாது.

அரசு அனுமதியின்றிச் சமயச் சொற்பொழிவு செய்தார் என்பதற்காக 1660-இல் அவர் பெட்ஃபோர்ட் சிறையில் அடைக்கப்பட்டார். இனிப் பேசமாட்டேன் என்று ஒரு வாக்குக் கொடுத்தால் விடுதலை. கொடுக்க மனம் ஒப்பவில்லை. பன்னிரண்டு ஆண்டு சிறையிலிருந்தார். வீட்டாரின் பசி தீர்க்கச் சிறைக்குள்ளேயே காலணிக் கயிறுகளுக்கு முனை கட்டும் வேலை செய்தார். பிள்ளைகளைப் பிரிந்த வேதனை, சிறப்பாகக் கண்ணிழந்த மகளைப் பற்றிய வேதனை, எலும்பிலிருந்து சதையைப் பிடுங்குவது போன்றது என அவர் தம் வரலாற்றில் ஒளிக்காமல் எழுதினார். மனநிறைவு பெற்றவனுக்கு வலிக்காது என்று எண்ணுவோருக்கு இதுவே விடை.

அவருடைய இரண்டாம் மனைவி எலிசபெத், அந்நான்கு பிள்ளைகளுக்கும் மாற்றாந்தாய்; வயதில் இளையவள். அவள் வீட்டிலிருந்து அழுதுகொண்டிருக்கவில்லை. 1661-இல் பெட்ஃபோர்டில் கூடிய நீதிபதிகள்முன் சென்று, கணவனின் வழக்கை முறையாக விசாரிக்க வேண்டினாள். கண் தெரியாத பிள்ளை ஒன்று உட்பட நான்கு சிறுவர் இருப்பதையும், நல்லவர்கள் இடும் பிச்சையே பிழைப்பு என்பதையும் எடுத்துரைத்தாள். ஒரு நீதிபதி இரக்கத்தோடு கேட்டார், மற்றவர் சினந்தார். வழக்குத் தோற்றது. கணவன் மேலும் பதினோர் ஆண்டு சிறையிலேயே இருந்தார்.

பனியன் 1684-இல் தம் நூலின் இரண்டாம் பாகத்தை வெளியிட்டார். முதற்பாகத்தின் தலைவன் தனியே நடந்த வழியில், இப்போது அவன் மனைவி தன் நான்கு ஆண்மக்களுடன் நடக்கிறாள். தாழ்மைப் பள்ளத்தாக்கில் அவர்கள் ஓர் இடைச்சிறுவனைக் காண்கின்றனர். தந்தையின் ஆடுகளை மேய்க்கும் அச்சிறுவன் எளிய கந்தல் உடுத்தியிருக்கிறான். தனக்குள்ளது போதும் என்று பாடிக்கொண்டிருக்கிறான். அப்பாட்டைப் புனைந்தவர் மாளிகையில் சாய்ந்திருந்து ஏழைக்கு உபதேசம் செய்தவர் அல்லர். பன்னிரண்டு ஆண்டு சிறைத்தரையில் கிடந்தவர். ஆகவேதான் அதற்கு எடை உண்டு. தோற்றுப்போன முறையீட்டுக்குப் பின்னும் கசந்து போகாமல் எஞ்சி நிற்பதே மனநிறைவு. முறையிடாமலே அடங்கிக் கிடப்பதற்கு அப்பெயர் பொருந்தாது.

கிள்ளான் தந்த பாடம்

இக்கருத்துக்கு நம் மண்ணிலேயே ஓர் உரைகல் உண்டு. அது 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தம்.

பிரட்டுக்களத்தில் விடியுமுன் பெயர் கொடுத்து, பால்மரக் காட்டில் உழைத்து, லயத்தில் உறங்கிய மக்கள் அவர்கள். அக்காலத்தில் தமிழ்த் தொழிலாளர் சொன்னபடி கேட்பவர், உள்ளதைக் கொண்டு அமைபவர் என்று துரைமாரிடம் பெயர் பெற்றிருந்தனர். அந்த அமைதியைப் புகழ்ந்தவர்கள் அதனால் மிச்சம் பிடித்தவர்கள். தமிழ் நேசன் நாளிதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன், கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் வாயிலாக அம்மக்களின் குறைகளை ஒழுங்குபடுத்திக் கோரிக்கைகளாக வகுக்க உதவினார்.

அக்கோரிக்கைகளைப் படித்துப் பார்க்கின் பேராசை எதுவும் தென்படாது. சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்குத் தக்க கல்வி, நல்ல மருத்துவ வசதி, பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்துதல், உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் வந்து பார்க்க அனுமதி, கள்ளுக்கடைகளை மூடுதல், குறை சொன்னவரைப் பழிவாங்காமை. இவற்றோடு மற்றொன்றும் இருந்தது: துரையோ கிராணியோ எதிரே வரும்போது தொழிலாளி மிதிவண்டியை விட்டு இறங்க வேண்டியதில்லை.

இந்த மிதிவண்டிக் கோரிக்கை எண்ணத்தக்கது. அதைக் கொடுக்க முதலாளிக்கு ஒரு காசு செலவில்லை. பெறுவதால் தொழிலாளிக்கு ஒரு பிடி அரிசி கூடுவதில்லை. மகனை முன்னே அமர்த்தி மிதித்துச் செல்லும் தந்தை, மற்றொரு மனிதனைக் கண்டவுடன் இறங்கித் தலைகுனிந்து நிற்பதை அம்மகன் பார்க்கிறான். அவன் கற்றுக்கொள்வது மனநிறைவு அன்று; அச்சம். பிள்ளையின் கண்முன் தந்தை நிமிர்ந்திருக்க வேண்டும் என்பதே அக்கோரிக்கையின் உட்பொருள்.

கள்ளுக்கடைக் கோரிக்கையும் சிந்திக்கத்தக்கது. முறுமுறுப்பவன் தனக்கு ஒன்று வேண்டும் என்பான். இவர்களோ, கூலியை விழுங்கும் ஒன்றை அகற்றித் தாருங்கள் என்றனர். தன்னடக்கமும் உரிமைக் குரலும் ஒரே வாக்கியத்தில் கூடி நின்ற இடம் அது.

விளைவு கொடிதாயிற்று. மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். பின்பு இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். கலகம் மூண்டது, படை வந்தது, தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர். அடுத்த சில மாதங்களில் போர் வந்து எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. எனினும் அக்குரல் வீண்போகவில்லை. 1954-இல் பி. பி. நாராயணன் தலைமையில் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானபோது, முறையிடுதல் குற்றம் என்றிருந்த நிலை மாறி, அதற்கென ஒரு மேசையும் எதிரெதிரே இரு நாற்காலிகளும் இடப்பட்டன எனலாம்.

கிறிஸ்தவப் பெற்றோர் இவ்வரலாற்றில் காணத்தக்க உண்மை ஒன்று உண்டு. போதும் என்ற சொல்லை ஒருவன் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும்போது அது அறம். அதையே, இல்லாதவனை நோக்கி இருப்பவன் சொல்லும்போது அது சூழ்ச்சி. ஆடையும் உணவுமின்றி நிற்கும் சகோதரனுக்கு ஒன்றும் கொடாமல், சமாதானத்தோடே போ என்று சொல்வதால் பயன் என்ன என்று யாக்கோபின் நிருபம் வினவுவதும் இதைத்தான். வேதாகமம் வறுமையைப் புகழவில்லை. நீதிமொழிகளின் முப்பதாம் அதிகாரத்தில் ஆகூர் என்பவன் செல்வமும் வேண்டாம், வறுமையும் வேண்டாம் என்று கேட்கிறான். செல்வத்தால் கடவுளை மறப்பேன். வறுமையால் திருடுவேன் என்று அவன் அஞ்சுகிறான். அளவான உணவே அவன் விண்ணப்பம்.

வீட்டிலும் வகுப்பிலும்

இன்று கிள்ளானைச் சூழ்ந்திருந்த தோட்டங்கள் பல வீட்டுமனைகளாகிவிட்டன. இரயில்வே ஊழியரின் வரிசை வீடுகளுக்குப் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸில் வானளாவிய மாடிகள் எழுந்துள்ளன. தமிழ் மெதடிஸ்ட், லூத்தரன், கத்தோலிக்க ஆலயங்களுக்குச் செல்லும் குடும்பங்கள் அவற்றின் நிழலில் நடக்கின்றன. அன்று அடுத்த லயத்தோடு ஒப்பிட்டவர்கள், இன்று கைப்பேசித் திரையில் உலகம் முழுவதோடும் ஒப்பிடுகின்றனர். குறை காண்பதற்கு வாய்ப்பு பெருகிவிட்டது. குறையைத் தக்கவரிடம் எடுத்துரைக்கும் பயிற்சியோ குறைந்துவிட்டது.

இப்பயிற்சியைத் தர மூன்று கேள்விகள் போதும். பிள்ளை ஒரு குறையைச் சொன்னவுடன் அடக்காமல், அதனோடு சேர்ந்து இவற்றை எண்ணிப் பார்க்கலாம்.

முதற்கேள்வி: இதை யாரிடம் சொன்னால் தீரும்? தீர்க்க வல்லவர் ஒருவர் இருப்பின் அவரிடம் நேரே, பணிவாக, தெளிவாகச் சொல்லப் பழக்க வேண்டும். அவர் இல்லாத இடத்தில் பேசுவது முறுமுறுப்பு.

இரண்டாம் கேள்வி: எனக்கு ஒன்று குறைகிறதா, அல்லது அடுத்தவருக்கு ஒன்று கூடுதலாக இருக்கிறதா? செருப்பு கிழிந்திருப்பது குறை. நண்பனின் செருப்பு விலை உயர்ந்தது என்பது குறையன்று. வள்ளுவர் அழுக்காறாமைக்குத் தனியே ஓர் அதிகாரம் வகுத்தது இவ்வேறுபாட்டுக்காகவே.

மூன்றாம் கேள்வி: கேட்டது கிடைக்காவிடினும் நன்றி சொல்ல எனக்கு என்ன மிஞ்சியிருக்கிறது? இக்கேள்வியை முதலில் கேட்டால் பிள்ளையின் வாய் அடைபடும். இறுதியில் கேட்டால் பிள்ளையின் மனம் நிறையும். வரிசை முதன்மையானது.

ஆயினும் கேள்விகளைவிட வலியது பெற்றோரின் நாவு. வேலையிலிருந்து வந்த தந்தை, உணவு வேளை முழுதும் மேலதிகாரியைத் தூற்றிவிட்டு, பின்பு மகனை நோக்கி 'நன்றியுள்ளவனாயிரு' என்றால், மகன் கற்பது முதற்பாடத்தையே. அதே தந்தை, 'இன்று அலுவலகத்தில் ஒரு முறைகேட்டைப் பற்றி எழுதிக் கொடுத்தேன். முடிவு எப்படியாயினும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். வாருங்கள், உண்போம்' என்று சொன்னால், பவுல் கற்ற பாடம் அவ்வீட்டில் நடந்துவிட்டது.

ஆசிரியர்களுக்கும் இதில் பங்குண்டு. கட்டுரைப் பாடத்தில் விண்ணப்பக் கடிதமும் புகார்க் கடிதமும் எழுதக் கற்பிக்கிறோம். அது தேர்வுக்குரிய வடிவம் மட்டும் அன்று. முணுமுணுப்பாகக் கிடக்கும் மனக்குறையைப் பெயரும் முகவரியும் தேதியும் கையொப்பமும் உள்ள முறையீடாக மாற்றும் ஒழுக்கம் அது. கையொப்பமிட அஞ்சும் குறையைச் சொல்லாமல் விடுவதே நன்று என்பதையும் அப்பாடமே கற்பிக்கும்.

கிள்ளான் வீட்டுச் சிறுமியிடம் மீண்டும் வருவோம். கைப்பேசியைப் பற்றி அவள் தாய் சொன்ன மறுமொழி மாற வேண்டியதில்லை. கழிப்பறையைப் பற்றி அவள் சொன்னதற்கோ மறுமொழி வேறாக வேண்டும்: "நல்ல வேளை சொன்னாய் அம்மா. நாளைக் காலையில் நாம் இருவரும் தலைமையாசிரியரைப் பார்த்துச் சொல்வோம். என்ன சொல்ல வேண்டும் என்று நீயே எழுது." பின்பு வழக்கம்போல் குடும்ப செபம், வழக்கம்போல் ஒரு பாட்டு. தண்ணீர் நாளையே வரலாம், வரத் தாமதிக்கலாம். தன் சொல்லுக்குக் காது கொடுக்க ஒரு வீடு இருக்கிறது என்று அறிந்த பிள்ளை அன்றிரவு நிறைந்த மனத்தோடு உறங்கும்.